கதவுப் பலகையில் ஒரு விமானக் களம்

ஜுலைகா பீவியின் கையில் கல்யாண மருதாணி மங்குவதற்குள் அவள் புருஷன் ஹபீப் ரஹ்மான் யுத்தத்துக்குப் போய்விட்டான். துப்பாக்கி தூக்குகிற வேலை இல்லை. விமானப் படையில் ஃபிட்டர். ஆகாய விமானத்தின் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற உத்தியோகம். சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் கற்றுக்கொண்ட தொழில் அவனை அஸ்ஸாம் வரைக்கும் கொண்டுபோயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, நாற்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில், அவன் சேந்தமங்கலத்துக்குத் திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் தோல் சுருங்கி மினுமினுத்தது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்கியபடியே நின்றுவிட்டன. தீக்காயம் என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து எதையும் வாங்க முடியவில்லை.

சாப்பிடுகிறீர்களா என்றால் 'ம்'. தலை வலிக்கிறதா என்றால் 'ம்'. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் யுத்தக் கதை கேட்கும் ஆசையில் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்கு எதிரே நெல் மில் இருந்தது. காலையில் அதன் எஞ்சினைக் கிளப்பும்போது 'டப்'பென்று ஒரு வெடிச் சத்தம் வரும். உடனே ஹபீப் எழுந்து முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். சட்டை நனைந்து போகும். ஜுலைகா துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் அவளை யாரோ போலப் பார்ப்பான்.

மாமனார் அப்துல் கரீம் ராவுத்தர் மிளகு வியாபாரி. கொல்லிமலையில் விளையும் மிளகை வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பவர். மலைமேல் குண்டூர் நாட்டில் அவருக்கு ஒரு கல் கிடங்கு இருந்தது. அதை ஒட்டி இரண்டு அறை. மகனை அவரும் கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, மேலே எஞ்சின் சத்தமே கிடையாது, ஒரு மோட்டாரும் ஏற முடியாத மலை, இரண்டு பேரும் கொஞ்ச காலம் அங்கே போய் இருங்கள் என்று சொல்லிவிட்டார். அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் வண்டி. அதற்கு மேல் சாமான்கள் பொதிக் குதிரை முதுகில் ஏறின, இவர்கள் நடந்தார்கள். ஏறுகிற வழியெல்லாம் ஜுலைகாவுக்கு மூச்சு இரைத்தது. ஹபீப் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவள் வந்து சேரும்வரை காத்திருந்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிடங்கைப் பார்த்துக்கொண்ட மாதேஸ்வரன் பக்கத்துக் காட்டுக்காரன். அவன் மனைவி பெருமாயி அன்றைக்கே ஒரு கூடை மரவள்ளிக் கிழங்கோடு வந்து, அடுப்பு மூட்டிக் கொடுத்து, ஜுலைகாவைக் 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சில நாள் கழித்து மாதேஸ்வரன் மிளகுக் கொடி ஏறியிருந்த கல்யாண முருங்கை மரங்களில் கிளை கழித்துப் போட்டான். வெள்ளை வெளேரென்ற மெத்து மரம். நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். ஹபீப் அதில் ஒரு துண்டை எடுத்து வந்து வாசல் கல்லில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் சீவத் தொடங்கினான். மடங்கிய விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கத்தி நழுவும், குனிந்து எடுப்பான், மறுபடி சீவுவான். சாயங்காலம் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு ஆகாய விமானம். இறக்கை, வால், மூக்கில் மூங்கில் சிம்பால் செய்த விசிறி எல்லாம் இருந்தது. ஜுலைகா அதை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாய் பேசாத மனுஷனுக்குள் இத்தனை நுணுக்கம் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, விமானங்கள் பெருகின. மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு அவற்றை அடுக்கி வைத்தான். ஒருநாள் பெருக்குவதற்காகப் பெட்டியை நகர்த்தியபோது ஒன்றோடொன்று இடித்து ஒரு இறக்கை முறிந்துபோயிற்று. ஜுலைகா பதறிப்போய் அதை அவனிடம் கொண்டுபோனாள். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, புது மரத்துண்டு ஒன்றை எடுத்துச் சீவத் தொடங்கினான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

இவற்றை இப்படிக் குவித்து வைக்கக்கூடாது, நிற்பதற்கு ஒரு இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கிடங்கில் கழற்றிப் போட்ட பழைய கதவு ஒன்று கிடந்தது. மாதேஸ்வரனை விட்டு அதைத் தூக்கி வந்து, முன்னறையில் நாலு கல்லின்மேல் படுக்க வைத்தாள். பெருமாயி புற்றுமண் கொண்டுவந்தாள். வைக்கோலை நறுக்கிப் போட்டுப் பிசைந்து, கதவு முழுக்கப் பூசி, சாணம் மெழுகினார்கள். விமானங்கள் வந்து இறங்கும் இடத்தை ஜுலைகா கண்ணால் கண்டதில்லை. வானத்தில் புள்ளியாகப் போவதைப் பார்த்ததோடு சரி. பறவை மாதிரிச் சுற்றி வந்து உட்காரும் போலிருக்கிறது என்று நினைத்து, நெல்லடிக்கும் களத்தைப் போல நடுவில் வட்டமாக ஒரு இடம் அமைத்தாள். அதைச் சுற்றிலும் விமானங்களை மூக்கு உள்ளே பார்க்க நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் ஹபீப் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். 

"வட்டமா இருக்காது," என்றான். "நீளமா இருக்கும். எறங்கினதும் ஓடி நிக்க எடம் வேணுமில்ல."

ஜுலைகா கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியது இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயந்து, அகப்பையிலேயே கண்ணை வைத்திருந்தாள். கஞ்சி அடிப்பிடித்ததுகூட மூக்குக்கு எட்டவில்லை.

அன்றைக்கே வட்டத்தை அழித்து நீளமாக ஒரு பாதை போட்டாள். ஓலையால் ஒரு குடிசை செய்து பாதையின் முனையில் வைத்தாள். ஹபீப் பார்த்தான். அங்கே குடிசை இருந்தால் இறங்குகிற விமானம் அதன் தலையில்தான் இறங்கும் என்று சொல்லி, தன் கையாலேயே அதை எடுத்து ஓரத்தில் வைத்தான். அப்போதுதான் ஜுலைகாவுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. இந்த மனுஷனிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. தப்பாகச் செய்து வைத்தால் பொறுக்காது.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றையும் தப்பாகவே செய்தாள். பெட்ரோல் பீப்பாய் என்று நாணல் தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கரி பூசி, குடிசைக்குள் அடுப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஹபீப் தலையில் அடித்துக்கொண்டு, பீப்பாய்களை ஒரு மைலுக்கு அப்பால் மரத்தடியில் புதைத்து வைப்பார்கள் என்றான். விமானங்களை வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நிறுத்தினாள். ஒரே குண்டில் எல்லாம் போய்விடும் என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் குதிரை லாடம் மாதிரி மண்சுவர் எழுப்பி, ஒன்றுக்கொன்று தூரமாக வைத்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டுவதற்குக் கம்பத்தில் ஒரு துணிப்பை கட்டியிருக்கும் என்று தானாகவே சொன்னான். அவள் பழைய தாவணியில் தைத்துக் கொடுத்ததைப் பார்த்து, இதில் ஒரு விமானத்தையே போட்டு மூட்டை கட்டலாம் என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். பற்கள் வெளியே தெரியச் சிரித்தான். ஜுலைகா பின்னறைக்குப் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பெருமாயியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். பாறையில் பாசி சுரண்டிக்கொண்டிருந்த பெருமாயி கையை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது போ கண்ணு. என்ற ஊட்டுக்காரரு வாய மூடறதுக்கு வழி தேடிட்டு இருக்கறேன் நான். நீ தொறக்கறதுக்கு வழி தேடறே."

ஆனாலும் அதற்குப் பிறகு அவளும் இதில் கூட்டாளி ஆகிவிட்டாள். புல்தரைக்குப் பாசி, மரங்களுக்கு மிளகு உதிர்த்த சரத்தின் காம்பு, ஓடுபாதைக்கு ஆற்று மணல் என்று எதையாவது மடியில் கட்டிக்கொண்டு வராத நாள் இல்லை. வந்தவள் வேண்டுமென்றே ஒரு அசட்டுக் கேள்வியும் கேட்டுவைப்பாள். விமானம் மேலே போனால் சாணி போடுமா என்றுகூட ஒருநாள் கேட்டாள். மாதேஸ்வரன் சந்தையில் போய்ச் சொல்ல, சந்தை நாளில் ஜனங்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 'சின்ன ராவுத்தர் ஊட்டு ஏரோப்ளான் களம்' என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

ஒரு விமானத்தை மட்டும் ஹபீப் களத்தில் வைக்கவே இல்லை. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் உட்காரும்படி முதுகில் நீளமாகக் கண்ணாடி மூடி போலச் செதுக்கியிருந்தது. செதுக்கி முடித்த அன்றைக்கே அதைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டான். ஜுலைகா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். ஆனால் மனசு அதிலேயே நின்றது. அவன் பேசாமல் விட்டது எல்லாம் அந்தத் துணிக்குள் இருப்பது போலத் தோன்றியது.

பங்குனியில் ஒருநாள் அவன் ஓடையில் குளிக்கப் போயிருந்தான். கோடை மழைக்கு மேகம் கூடி மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜுலைகா பரணிலிருந்து அதை எடுத்தாள். இதற்கும் ஒரு இடம் சொல்லட்டும் என்றுதான் நினைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நல்ல இடமாக இருக்கட்டும் என்று ஓடுபாதையின் நடுவிலேயே வைத்தாள். சக்கரம் இல்லாமல் செதுக்கியிருந்ததால் அது வயிற்றை மண்ணில் பதித்து உட்கார்ந்தது.

ஹபீப் ஈரத் தலையோடு உள்ளே வந்தான். பார்த்தான்.   நடுவில் இருந்ததை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் களத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் வழித்துத் தள்ளினான். மண்சுவர், குடிசை, துணிப்பைக் கம்பம், விமானங்கள் எல்லாம் தரையில் போய்ச் சிதறின. அந்த ஒன்றோடு மட்டும் அவன் வெளியே மேகத்துக்குள் நடந்து போய்விட்டான்.

 ஜுலைகா ஓடிப்போய் மாதேஸ்வரனைக் கூப்பிட்டாள். அவன் ஓடைப் பக்கமும் பெருமாயி மிளகுக் காட்டுப் பக்கமும் தேடிப் போனார்கள். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மலை விளிம்பு எங்கெங்கே இருக்கிறது என்பது ஜுலைகாவுக்குத் தெரியும்.  தெரிந்த துஆவையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், காரவள்ளிக்கு இறங்கும் பாதையைப் பிடித்து ஓடினாள். முதல் திருப்பத்தில் ஒரு பாறைமேல் அவன் உட்கார்ந்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

 அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை அவன் தலைமேலும் இழுத்துப் போட்டாள்.

"இது என்னோட விமானம்," என்றான் அவன். "ஓட்டறவரு வேற. ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு ஆளு உண்டு. எஞ்சினைப் பாக்கறது, ஓட்டறவர உக்கார வெச்சுப் பெல்ட்டு மாட்டறது, அது திரும்பி வர்ற வரைக்கும் நிக்கறது. அதுதான் நான்."

பிறகு கோர்வையில்லாமல், முன்னும் பின்னுமாக, எல்லாம் வந்தது. ஓட்டியவன் பெயர் பொன்னப்பா, குடகுப் பக்கத்துப் பையன், ஹபீபைவிடச் சின்னவன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது ஹபீபின் தோளைத் தட்டி, டீ போட்டு வை என்று சொல்லிவிட்டுப் போவான். இவன் ஓடுபாதை ஓரத்தில் டீ மக்கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்பான். ஒவ்வொரு எஞ்சினாகச் சத்தம் கேட்கும். எது தன்னுடையது என்று காது சொல்லிவிடும். அன்றைக்கு மற்றதெல்லாம் வந்து இறங்கிவிட்டன. கடைசியில் இது வந்தது, புகையோடு. சக்கரம் இறங்கவில்லை. வயிற்றைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றது, தீப்பிடித்தது. ஹபீப் ஓடினான். பின்னால் இருந்தவனை இழுத்துப் போட்டுவிட்டான். பொன்னப்பா இருந்த முன்பக்கத்து மூடி வளைந்து இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. யாரோ பின்னாலிருந்து இவனை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

"தூக்கிட்டுப் போறப்பப் பாத்தேன். மக்குல டீ இருக்குது. இன்னும் ஆவி வந்துட்டு இருக்குது." அவன் கையிலிருந்த விமானத்தைப் பார்த்தான். "அவ்வளவு நேரந்தான் ஆச்சு."

மழை வலுத்தது. இரண்டு பேரும் அசையவில்லை. பொன்னப்பாவுக்காக, பார்த்தறியாத அந்தப் பையனுக்காக, ஜுலைகா அழுதாள். அழுகையின் நடுவே அவளுக்கு ஒன்று புரிந்தது. யுத்தம் என்றால் இவன் எங்கோ சண்டை நடுவே ஓடிக்கொண்டிருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன்னைப் போல இவனும் காத்து நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான்.

"எனக்கும் அதே வேலதானுங்க," என்றாள். "தெருவுல பூட்ஸ் சத்தம் கேட்டா அடுப்புல என்ன இருந்தாலும் எறக்கி வெச்சுட்டு வாசலுக்கு ஓடுவேன். மாமா இருந்தா, கோழிய வெரட்டப் போற மாதிரி ஓடுவேன்."

ஹபீப் திரும்பி அவளைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷமும் எப்படி இருந்தே ஜுலைகா?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.  அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மாதேஸ்வரனின் குரல் மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டு வரும்வரை அவள்தான் பேசினாள், அவன் கேட்டான்.

திரும்பி ஏறும்போது அவன் நின்றான்.

"பெட்ரோலக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்துல வெச்சியே. அது வேணும்னேதான?"

"வட்டமா போட்டது மட்டுந்தான் தெரியாம செஞ்சது," என்றாள் ஜுலைகா.

 வழுக்குகிற இடத்தில் அவன் மடங்கிய விரல்களோடு கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

களத்தை மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை அவள் தப்பாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஹபீப் சொல்லிக்கொண்டே செய்தான். மழைக்காலத்தில் சேறு எப்படி இருக்கும், மாட்டுவண்டியில் குண்டு எப்படி வந்து இறங்கும், ஒரு ஆட்டுக்குட்டி ஓடுபாதையில் புகுந்துகொண்டு எல்லாரையும் என்ன பாடு படுத்தியது என்று வேலையோடு வேலையாகப் பேச்சு வந்தது. சில நாள் நடுவில் நின்றுவிடுவான். அப்போது அவள் காத்திருப்பாள். அது இப்போது கஷ்டமாக இல்லை. அந்தப் பெரிய விமானத்துக்கு மூங்கில் சிம்பால் சக்கரம் செய்து மாட்டினான். ஆனால் தரையில் நிறுத்தவில்லை. வளைத்த கம்பி ஒன்றின் நுனியில் பொருத்தி, ஓடுபாதைக்குச் சற்று மேலே, இறங்கி வருகிற வாக்கில் நிற்கும்படி வைத்தான்.

சித்திரையில் அப்துல் கரீம் ராவுத்தர் மலையேறி வந்தார். மகன் வாசலுக்கு வந்து, "வாங்க அத்தா, நடந்து களைச்சிருப்பீங்க," என்றதும் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வந்து களத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வியாபாரி கண், ஒன்றையும் விடவில்லை.

"எல்லாம் இருக்குது. இதுல நீ எங்கப்பா நிப்பே?" என்று கேட்டார்.

 மார்க்கத்தில் விலக்கான மனித உருவம் செய்து வைக்க அவர்கள் யாருக்கும் மனசு ஒப்பவில்லை. ஜுலைகா முறத்திலிருந்து ஒரு நெல்மணியை எடுத்து நீட்டினாள். விமானம் இந்த அளவு என்றால் ஒரு ஆள் கிட்டத்தட்ட அவ்வளவு உயரந்தான் இருப்பான் என்று சொல்லி ஹபீப் அதை வாங்கி, ஓடுபாதை ஓரத்தில் ஈர மண்ணில் செங்குத்தாக நட்டான். ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று விசாரித்தார். அப்பனும் மகனும் வெளிச்சம் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நெல்மணி விஷயத்தைப் பெருமாயி சந்தையில் பரப்பிவிட்டாள். அஸ்ஸாமில் விமானக் களம் போடுவதற்கென்று கங்காணிகள் வந்து இந்தப் பக்கத்திலிருந்தும் கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதை யாரும் ஜுலைகாவிடம் அதுவரை சொன்னதில்லை. ஆனி மாதத்துச் சந்தை நாளில், சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, மலையின் இன்னொரு பக்கத்துக் குண்டனி நாட்டிலிருந்து சென்னம்மாள் என்றொரு பெண்பிள்ளை வந்தாள். தலையில் சாக்கை முக்காடாக மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, ஏரோப்ளான் களம் இங்கேதானா என்று கேட்டாள். உள்ளே வந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மடி முடிச்சை அவிழ்த்தாள். ஒரே ஒரு நெல்.

அவள் மகன் செல்லமுத்து கல்லுடைக்கப் போனவன். போனதிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

"என்ற பையன் இதுல எங்க நிப்பானுங்க சாமி?"

ஜுலைகா புருஷனைப் பார்த்தாள். மனசைத் தேற்றுவதற்காக ஏதாவது பொய் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. பேசாமல் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவானோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

"உங்க பையன நான் பாத்ததில்லீங்கம்மா," என்றான் ஹபீப். "அந்த மாதிரிக் களம் அங்க நெறைய உண்டு. நான் இருந்த எடத்துல அவன் இருந்தானான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவனாட்டம் ஆளுங்களப் பாத்திருக்கறேன். அவங்க போட்ட பாதையிலதான் எங்க விமானமெல்லாம் ஏறி எறங்குச்சு."

சென்னம்மாள் தலையாட்டினாள். அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அங்கே குளிருமா? அட்டை கடிக்குமா? அரிசியா, ராகியா? ராத்திரி படுக்க மேலே கூரை உண்டா? ஹபீப் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். அட்டை நம்ம மலையைவிட அதிகம் என்றான். அரிசிதான், ஆனால் கல் இருக்கும் என்றான். மூங்கில் கொட்டகை உண்டு, காய்ச்சலுக்குக் கசப்பு மாத்திரை கொடுப்பார்கள், சாயங்காலத்தில் தெற்கத்தி ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடி உட்கார்ந்து தமிழில் பாடுவது தங்கள் கொட்டகை வரைக்கும் கேட்கும் என்றான். காய்ச்சலில் போனவர்களும் உண்டு என்பதை அவன் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினான். அந்தத் தாய் அதையும் மற்றதைப் போலவே கேட்டுக்கொண்டாள்.

கல்லுடைக்கிற இடத்தை அவன் காட்டினான். ஓடுபாதையின் தொலை முனை. பாசிகூட இல்லாத வெட்டவெளி. சென்னம்மாள் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"வெயில்ல நிக்கோணுமாங்க?" என்றாள்.

ஹபீப் எழுந்து போய் மிளகுக் காம்பு ஒன்றை எடுத்து வந்தான். அதில் பாசியைச் சுற்றி ஒரு மரமாக்கி, அந்த வெட்டவெளியில் நட்டு, அதன் அடியில் விரலால் ஒரு பள்ளம் செய்து கொடுத்தான். சென்னம்மாள் குனிந்து, அவள் மகனை அங்கே நிறுத்தினாள். மண்ணை மெல்ல அழுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்து மறு வருஷம் செல்லமுத்து எலும்பும் தோலுமாகக் காரவள்ளி வழியே ஏறி வந்து சேர்ந்தான். அவனோடு போனவர்களில் வராதவர்களும் இருந்தார்கள். ஆனால் நெல்லை நட்ட அந்த நாளில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. ஜுலைகா கொடுத்த கடுங்காப்பியைச் சென்னம்மாள் ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நேரமாகிறது என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும், கல் வழுக்கும் என்று ஜுலைகா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஹபீப் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டான்.

ஜுலைகா நிலைப்படியில் நின்று பார்த்தாள். சாரலில் ஒற்றையடிப் பாதையில் இரண்டு பேரும் ஒரே குடையின் கீழ் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் குடையை அந்த அம்மாள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தான். அவனுடைய ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. மற்றொரு கையை வீசி வீசி எதையோ விவரமாகச் சொல்லிக்கொண்டே போனான். திருப்பத்தில் அவர்கள் மறைந்த பிறகும் அவன் குரல் கொஞ்ச தூரம் கேட்டது.